இருநூறு மணி நேரம்

கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஓடுபாதை கிடக்கிறது,
போர்க்காலத்தில் போட்டது.
இப்போது அதில் வெயில் மட்டும் தரையிறங்கும்.
விமானம் வராத சீமைக்கு
விமானத்தின் கால் ஒன்று வந்திருக்கிறது,
மரப்பெட்டியில், காரைக்குடி லாரி ஷெட் வழியாக.
முழங்காலில் நகக்கண் அளவு தேய்மானம்.

அவ்வளவுதான் காயம்.
இத்தனை நாளும் இதற்கு மருந்து காட்மியம்.
எஃகை அரிக்க வரும் உப்புக்காற்றுக்குத்
தன்னை முதலில் தின்னக் கொடுக்கும்.
குணத்தில் குறை சொல்ல முடியாது.
சிறுநீரகத்தைக் கேட்டால் வேறு சொல்லும்.

அதன் பங்காளி குரோமியத்தைப் பற்றி
ஆரோக்கியம் சொல்வார்.
(பெயர் அதுதான். நான் வைத்ததல்ல.)
கோயம்புத்தூரில் பத்தொன்பது வருஷம்
ஆரஞ்சு நிறத் தொட்டியின் ஆவிக்கு மேலே குனிந்தவர்.
மூச்சு விட்டால் சன்னமாக ஒரு விசில்.
"நடு மூக்குல ஓட்ட மேடம்.
தட்டார் குத்தல, தொட்டி குத்துச்சு."
முதல் நாள் நானும் சிரித்துவிட்டேன்.
அன்று ராத்திரி மூக்குத்தியைக் கழற்றி
கண்ணாடியில் என் துளையைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் கரைசலில் துத்தநாகமும் நிக்கலும்.
"பாதுகாப்பானதுன்னு எழுதாதே" என்றாள் உமையாள்,
"நிக்கலும் ஒன்றும் சாது இல்லை.
முன்னதைவிடப் பாதுகாப்பானது, அப்படி எழுது."
அந்த 'முன்னதைவிட'வுக்காக
ஒரு பிற்பகல் முழுக்கச் சண்டை.
அவள்தான் ஜெயித்தாள்.

துணி சுற்றிய கிராஃபைட் தூரிகையால்
காயத்தின் மேல் தேய்க்கத் தேய்க்க உலோகம் படியும்.
கூடவே, கூப்பிடாமல், ஹைட்ரஜனும் வரும்.
அணுக்களிலேயே பொடிசு.
எஃகுக்குள் நுழைந்து குடியிருந்து
என்றோ ஒரு நாள், முன்னூறு பேர்
பெல்ட்டைக் கழற்றக் காத்திருக்கும் நொடியில்
காலை முறிக்கும்.

அதனால் தேர்வு:
முலாம் பூசிய நாலு கம்பிகள், இடுப்பில் வெட்டு,
முறிக்கும் சுமையில் முக்கால் பங்கு கட்டி
இருநூறு மணி நேரம் இழுத்து வைப்பது.
எதுவும் நடக்கக் கூடாது.
எதுவும் நடக்கக் கூடாது என்பதற்காக
இவ்வளவு விழித்திருந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் ராத்திரி கரண்ட் போனது.
எடைக்குக் கரண்ட் வேண்டாம், மணிக்கணக்குக்கு வேண்டும்.
ஆரோக்கியம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி
இரும்புச் சட்டத்தில் கட்டினார்.

நூற்று எழுபத்தொன்றாம் மணியில்
மூன்றாவது கம்பி.
பெரிய சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
அடுப்புக்குச் சுள்ளி ஒடிக்கிற சத்தம்.
நுண்ணோக்கியில் முறிந்த வாய்:
கற்கண்டு, முகம் முகமாகக் கற்கண்டு.
யாரும் பேசவில்லை.
உமையாள் டீ வாங்கப் போய்
டீ இல்லாமல் திரும்பி வந்தாள்.

தப்பு எங்கள் பளபளப்பில் இருந்தது.
மினுக்கத்துக்காகச் சேர்த்த துளி மருந்து
முலாமை இறுக்கி மூடி
உள்ளே போன வாயுவுக்குக் கதவை அடைத்திருந்தது.
சுவரைக்கூட முட்டை வெள்ளை பூசி
முகம் பார்க்கத் தேய்க்கிற ஊரில்
நாங்கள் பளபளப்பைக் குறைக்க உட்கார்ந்தோம்.
பதினோரு கரைசல். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மங்கல்.
கடைசியில் சாம்பல் தடவிய மாதிரி ஒரு படலம்,
கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளோடு.
கழிவை மட்டும் இன்னும் பீப்பாயில் பூட்டித்தான் வைக்கிறோம்.
எந்த ஊருணியிடமும் காட்டும் அளவுக்கு
நம்பிக்கை வரவில்லை.

"வாடை எதாச்சும் வருதா மேடம்?"
புதுத் தொட்டியருகே நின்று ஆரோக்கியம் கேட்பார்.
அவருக்கு வாசம் போய் ஏழு வருஷம்.
இல்லை என்பேன்.
மறுநாளும் கேட்பார்.

இப்போது வேறு நாலு கம்பிகள் தொங்குகின்றன.
கடிகாரம் இன்னும் சட்டத்திலேயே இருப்பதால்
மணி என்ன என்று என்னிடம்தான் கேட்கிறார்.
"நூற்று நாற்பத்து நாலு" என்கிறேன்.

சாயங்காலம் ஆறு
என்று சொல்லியிருக்க வேண்டும்.